கொக்கி வைக்காத துணிக்கடை

பிப். 9, திங்கள்

காலையில் பனி. ஒரகடம் கூட்டுரோடு வரைக்கும் எதிரே வரும் லாரி தெரியவில்லை, ஹாரன் மட்டும். காலேஜுக்குத் தாமதம்.

கம்ப்யூட்டர் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு கொடுக்க இன்று கடைசி. வகுப்பில் பாதிப் பேருக்கு ஆன்லைன் கடை. செருப்புக் கடை, மொபைல் கடை, கேக் கடை. கையெழுத்துப் போட்டுப் போட்டு அலுத்துப்போய், என் முறை வந்தபோது மேடம் பேனாவை மூடிவிட்டார். "எல்லாம் சீனியர்ஸோட கோடு. கடை பேர மட்டும் மாத்தி எடுத்துட்டு வரீங்க. உங்க ஊர்ல யாருக்கு என்ன தேவைன்னு பாத்துப் பண்ணுங்க. இல்லன்னா சைன் கிடையாது."

தினேஷ் முறைத்தான். இவன் என் புராஜெக்ட் கூட்டாளி. புரோகிராம் கோடு நன்றாக எழுதுவான். மனுஷர்களோடுதான் ஒத்துவராது.

வீட்டுக்கு வந்தால் எஸ்தர் அக்கா தையல் மெஷினில். பொங்கலிலிருந்து இப்படித்தான். ஆர்டர் குறைந்துவிட்டது, காண்ட்ராக்ட் ஆட்கள் எல்லாம் பிரேக்கில் இருங்கள், கூப்பிடுகிறோம் என்று கம்பெனியில் அனுப்பிவிட்டார்கள். அப்பா போனதிலிருந்து வீடு ஓடுவது அவள் சம்பளத்தில். என் பீஸும் அதில்தான். தைக்கும்போதும் போன் மடியில். கூப்பிட்டால் எடுக்க வேண்டுமே.

தைத்துக்கொண்டிருந்தது அவளுக்கே. உள்பாடி. கொக்கி கிடையாது, துணி முடிச்சு. கம்பெனி கேட்டில் மெஷின் இருக்கிறது, உடம்பில் இரும்பு எது இருந்தாலும் கத்தும். ஹேர்பின், ஜிப், கொக்கி எல்லாவற்றுக்கும். கத்தினால் செக்யூரிட்டி அம்மா ஓரமாக நிறுத்திவிடுவார். பின்னால் வருகிற பெண்களெல்லாம் பார்த்துக்கொண்டே போவார்கள். அதனால் வருஷக்கணக்காக அக்கா தனக்கு வேண்டியதைத் தானே தைத்துக்கொள்கிறாள். ஜிப் வைக்காத சுடிதார் டாப், பிளாஸ்டிக் பட்டன். தலைக்குத் துணி பேண்ட்.

பார்த்துக்கொண்டே நின்றேன். கடை கிடைத்துவிட்டது: கம்பெனிப் பெண்களுக்கு, இரும்பே இல்லாத துணி.

பிப். 10, செவ்வாய்

மேடம் கையெழுத்துப் போட்டார். "இது நல்லாருக்கு" என்றார். மூன்று வருஷத்தில் முதல் தடவை.

தினேஷுக்கு வெட்கம். "உள்பாடி படம்லாம் நான் அப்லோட் பண்ண மாட்டேன், நீயே பண்ணிக்கோ." போடா என்றேன்.

டெலிவரிதான் சிக்கல். கம்பெனி லைனில் வேலை செய்கிற பெண்களில் பாதிப் பேர் ஹாஸ்டலில், வார்டன் பார்சலே வாங்க மாட்டார். வீட்டில் இருப்பவர்களுக்கும் பகலில் யாரும் இல்லை. அதனால் முகவரிக்குப் பதில் கம்பெனி பஸ் ஸ்டாப். எந்த ஸ்டாப், எந்த ஷிப்ட் என்று தேர்ந்தெடுத்தால் போதும். பஸ் விட்டு இறங்கும்போது கையில் கொடுத்துவிடலாம். என் யோசனை. இதற்காகவே தனி மார்க் வரும் என்று தி. சொன்னான்.

பிப். 14, சனி

அக்கா தைத்தவற்றைப் படம் எடுத்தோம். கிறிஸ்துமஸுக்கு வாங்கிய பெட்ஷீட்டைச் சுவரில் ஆணியடித்துக் கட்டி. வெளிச்சம் போதவில்லை, வாசலுக்கு மாற்றினோம், ஆடு வந்தது, மறுபடி உள்ளே. மெரூன் டாப் மிக அழகு. நீலத்தில் ஓரம் சுருங்கித் தெரிகிறது. திருப்பி எடுக்க வேண்டும்.

கடை பெயர் எஸ்தர் கலெக்ஷன்ஸ். பேனரை போனில் காட்டினேன்.

"என் பேரா போட்ட?"

"பின்ன யார் பேரு?"

விரலால் பெரிதாக்கித் தன் பெயரைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "நெஜமாவே வாங்குவாங்களா பாப்பா?"

"மொதல்ல மார்க்குக்குதான்க்கா."

சரி என்று தலையாட்டினாள்.

பிப். 20, வெள்ளி

வெயில் ஏறிவிட்டது. சைட் ஓசி சர்வரில் ஏறிவிட்டது. ஓடாதவை:

கூடையில் இரண்டு போட்டால் ஒன்று காட்டுகிறது.
தமிழ் எழுத்து அட்மின் பக்கத்தில் கட்டம் கட்டமாக.
ஆர்டர் கேன்சல் இல்லவே இல்லை. "அது யாருக்கு வேணும், டைம் இல்ல" என்கிறான் தி.

ஓடுவது: யாராவது ஆர்டர் போட்டால் விற்பவர் போனுக்கு உடனே மெசேஜ். செலவில்லாமல் அனுப்ப தி. ஏதோ வழி கண்டுபிடித்தான். விற்பவர் நம்பராக அக்காவுடையதைப் போட்டேன். என் போனில் ஆர்டர் போட்டுப் பார்க்க வேண்டும், தி. போன் டிஸ்ப்ளே உடைந்து இந்த வாரம் ரிப்பேர் கடையில், வேறு போன் இல்லை.

மாலையில் நானே ஒரு துணி பேண்ட் ஆர்டர் போட்டுப் பார்த்தேன். மெஷின் மேல் இருந்த அக்கா போன் துள்ளியது. 'எஸ்தர் கலெக்ஷன்ஸ், புது ஆர்டர்.' இரண்டு பேரும் சிரித்தோம். அம்மா அடுப்படியிலிருந்து, "இன்னாடி கூத்து?" என்றாள். அக்கா சிரித்து எத்தனை நாளாயிற்று.

பிப். 23, திங்கள்

கிருத்திகை. வல்லக்கோட்டை போகிற கூட்டத்தில் பஸ்ஸில் காலூன்ற இடமில்லை. யாருடைய காவடித் தோரணமோ என் லேப்டாப் பையில் சிக்கிக்கொண்டது.

முதல் ரிவ்யூ. மேடத்துக்குக் கடை பிடித்தது, உள்ளே இருக்கிற டேட்டா பிடிக்கவில்லை. "டெஸ்ட் ஒன், டெஸ்ட் டூன்னு கஸ்டமர் பேரு போட்டு வெச்சா, வைவாவுக்கு வெளியிலேர்ந்து வர எக்ஸ்டர்னல் சிரிப்பார். நெஜமா ஒரு கடை நடக்கிற மாதிரி ஆர்டர் இருக்கணும். அப்பதான் கிராஃப் வரும்."

தி. தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான்.

பிப். 26, வியாழன்

தூங்கும் முன் எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் தி. மெசேஜ். "டேட்டா போட்டாச்சு, அட்டகாசமா இருக்கு." திறந்து பார்த்தேன். உண்மையிலேயே அட்டகாசம். மகேஸ்வரி, ரேவதி, நந்தினி, அமுதா. சைஸ், கலர், ஷிப்ட், ஸ்டாப். ஒரு வாலாஜாபாத் பெண் மெரூன் டாப்பைக் கொஞ்சம் லூசாகக் கேட்கிறாள். இவனுக்குள் இவ்வளவு கற்பனையா என்று ஆச்சரியப்பட்டேன்.

வீட்டு வாசலிலேயே மெஷின் சத்தம் கேட்டது. உள்ளே நடக்க இடமில்லை. தரையெல்லாம் வெட்டிய துணி. அம்மா நூல் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"பாப்பா, ஆர்டர் வந்துகினே கீது" என்றாள் அக்கா. தலை நிமிரவில்லை. காலை மிதியிலிருந்து எடுக்கவும் இல்லை.

கொல்லைப்பக்கம் போய்த் தி.யைக் கூப்பிட்டேன். ஸ்டாக் தானாகக் குறையட்டும் என்று ஆர்டர் பக்கத்தின் வழியாகவே எல்லாவற்றையும் போட்டானாம். மெசேஜை நிறுத்த மறந்துவிட்டான். "டம்மி தான ஜெனி, சொல்லிடு அவங்க கிட்ட. இதுல இன்னா இருக்கு?"

இதில் இன்னா இருக்கிறது.

உள்ளே வந்தேன். "யாருன்னு போன் பண்ணிக் கேட்டியாக்கா?"

"டூட்டில இருப்பாங்கடி. போன லாக்கர்ல வெச்சிட்டுதான லைனுக்குப் போவணும். கேட்டு இன்னா பண்ணப் போறேன்? லைன்ல போர்டுல எவ்ளோ எழுதிக் கீதோ அவ்ளோ போடுவோம். யாருக்குப் போவுதுன்னு என்னிக்காவது கேட்டுக்கீறமா?"

அவள் போன் மடியில் இல்லை, சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. காண்ட்ராக்டர் கூப்பிடுவான் என்று பார்த்துப் பார்த்து ஓய்ந்த முகம் இன்று இல்லை. நாளைக்குச் சொல்கிறேன்.

பிப். 27, வெள்ளி

சொல்லவில்லை. லேப், ரெக்கார்டு, தலைவலி. சும்மா சாக்கு.

பிப். 28, சனி

செல்வி அக்கா வந்தாள். எஸ்தர் அக்காவோடு லைனில் பக்கத்து சீட். சங்கரன்கோவில் பக்கம், இங்கே ஹாஸ்டல். இவளும் பிரேக்கில்தான் இருந்தாள்.

"எஸ்தரு, கூப்பிட்டுட்டாங்கட்டி. திங்கக்கெழம காலையில காண்ட்ராக்டர் ஆபீஸுக்கு வரணுமாம். ஆதார் காப்பி எடுத்துக்கோ. வராதவுகளுக்கு அப்புறம் இடமில்லைன்னுட்டான். வெளியூர்ப் புள்ளைக வரிசையில நிக்கி."

நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

"நான் வர்ல செல்வி" என்றாள் அக்கா. "எனக்கு வேல கீது. பாரேன்." தைத்து அடுக்கியதைக் காட்டியிருப்பாள். செல்வி அக்கா, "யாத்தே" என்றாள். பிறகு மெதுவாக, "யோசிச்சுக்கோ என்ன? கம்பெனி கம்பெனிதான்."

"பத்து மணி நேரம் நின்னு நின்னு கால் வீங்கினது போதும்டி. இது என் பேர்ல கீது."

செல்வி அக்கா போனதும் நேராக அக்காவிடம் போனேன். இன்றைக்குச் சொல்லியே ஆக வேண்டும். "அக்கா, அந்த ஆர்டர்லாம் எங்க கிளாஸ் பசங்க போட்டதுக்கா."

"பசங்க போட்டா இன்னா? அவங்க அக்கா தங்கச்சிக்குதான கேப்பாங்க. பசங்களா போட்டுக்கப் போறாங்க?" சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள்.

அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டேன். எழுத அசிங்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். பாவமாக இருந்ததால் மட்டும் நிறுத்தவில்லை. அவளுக்குக் கோபம் வந்து, என் பேரையும் படத்தையும் எடுத்துவிடு என்று சொல்லிவிட்டால் புராஜெக்ட் போச்சு. வைவா அடுத்த வெள்ளி. அதுவும் மனதில் ஓடியது.

திங்கள் காலை வரை நேரம் இருக்கிறது. நாளை கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 1, ஞாயிறு

கோயிலில் சாட்சி நேரம். போதகர் ஐயர், "ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்ல விரும்புகிறவர்கள் எழும்பலாம்" என்றார். வழக்கமாக எழுந்திருப்பவர்கள் எழுந்தார்கள். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, மகன் லைசென்ஸ் எடுத்தான்.

பிறகு அக்கா எழுந்தாள்.

என் பக்கத்திலிருந்துதான். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு. அவள் அந்தக் கோயிலில் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. "பொங்கல்லேர்ந்து வேல இல்லாம அழுதுகினு இருந்தேன். கர்த்தர் என் தங்கச்சி படிப்பு மூலியமா எனக்குன்னு ஒரு தொழில் குடுத்துக்கீறாரு. வூட்ல உக்காந்து நூறு ஜனத்துக்குத் தைக்கிற மாதிரி பண்ணாரு. நாளைக்கு லைனுக்குக் கூப்ட்டாங்க. நான் போவல. விசுவாசத்துல நிக்கிறேன்."

சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. முன் வரிசை அத்தை திரும்பி என் கன்னத்தைத் தொட்டு முத்தம் வைத்தாள். ஐயர் என் பெயரைச் சொல்லித் தனியாக ஜெபித்தார். நான் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊர் முன்னால் கடவுள் பெயரில் சொல்லிவிட்டாள். இனி எப்படிச் சொல்வது? அது பொய், தினேஷ் போட்டது என்றா?

மத்தியானம் கறிக்குழம்பு. இறங்கவில்லை.

மார்ச் 2, திங்கள்

விடிந்ததும் கிளம்பிவிட்டேன். சீக்கிரம் லேப் திறக்கிறார்கள் என்று அம்மாவிடம் பொய். லேப் பூட்டியிருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். இப்போது காண்ட்ராக்டர் ஆபீஸில் வரிசை நிற்கும், இப்போது பெயர் கூப்பிடுவார்கள். போன் கையில்தான் இருந்தது. பண்ணவில்லை.

அக்கா போகவில்லை. துணி எடுக்க வாலாஜாபாத் போயிருக்கிறாள். மெரூனே இரண்டு தினுசு. பாலிதீன் கவரும் வாங்கிவந்து, ஒவ்வொன்றின் மேலும் பெயர், ஷிப்ட், ஸ்டாப் எழுதி ஒட்டுகிறாள். எழுத்து முத்து முத்தாக.

செல்வி அக்கா சேர்ந்துவிட்டாளாம்.

மார்ச் 4, புதன்

காலேஜ் மட்டம். "தனியா தூக்க முடியாது, கூட வா பாப்பா" என்றாள். போனேன்.

கூட்டுரோடு ஸ்டாப். நல்ல வெயில், கன்டெய்னர் லாரி போகப் போகப் புழுதி. காலை ஷிப்ட் முடிந்து பஸ்கள் வரும் நேரம். அக்கா சீவிப் பின்னி, நல்ல புடவை. இரண்டு பெரிய பைகள்.

முதல் பஸ் நின்றது. இறங்குகிற பெண்களைப் பார்த்து, "மகேஸ்வரி யாருமா? நந்தினி?" யாரும் நிற்கவில்லை. தூக்கக் கலக்கத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவுக்கு ஓடுகிறார்கள். அடுத்த பஸ். "அமுதா? ரேவதி, காலை ஷிப்ட்?"

ஒரு பெண் திரும்பினாள். "நான் ரேவதிதான்."

அக்கா முகம். கவரை எடுத்து நீட்டிவிட்டாள்.

"நான் ஒண்ணும் ஆர்டர் போடலையேக்கா. வேற ரேவதியா இருக்கும்." கவரைத் தொடாமல், அவமானப்படுத்திவிடக் கூடாது என்பதுபோல் சிரித்துவிட்டுப் போனாள்.

"லாக்கர்லேர்ந்து போன எடுத்துருப்பாங்க இல்ல இப்போ" என்று அக்கா மெசேஜில் இருந்த நம்பரைப் போட்டாள். ஸ்பீக்கரில். நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை. அடுத்தது. அதே குரல். அதற்கடுத்தது. நிறுத்தாமல் போட்டுக்கொண்டே இருந்தாள். நான் கையைப் பிடித்தேன்.

"அக்கா, அது எதுவுமே நெஜம் இல்லக்கா. மேடம் நெஜ ஆர்டர் மாரி வேணும்னாங்க, தினேஷ் உக்காந்து போட்டான். உன் போனுக்கு வந்துட்டுது."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அறைந்தால்கூடப் பரவாயில்லை.

"எல்லாமேவா?"

"எல்லாம்."

"வாலாஜாபாத் பொண்ணு. மெரூனு, லூசா கேட்டுச்சே. அதுவுமா?"

ஆமாம் என்றேன்.

"உனக்கு எப்போ தெரியும்?"

அவள் இரண்டாம் தடவை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அந்த நேரம் பார்த்து இன்னொரு பஸ். செல்வி அக்கா இறங்கினாள். கழுத்தில் புது ஐ.டி. கார்டு. "எஸ்தரு, இங்க என்னட்டி பண்ணுத?" அக்கா பைகளைக் காலுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, மேலாக இருந்த ஒரு கவரை எடுத்தாள். பெயர்ச்சீட்டைக் கட்டைவிரலால் உரித்துவிட்டு, "உனுக்குதான் எடுத்துகினு வந்தேன். புதுசா சேந்துக்கீற இல்ல" என்று கொடுத்தாள். செல்வி அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

வீடு வரைக்கும் இரண்டு பையையும் எஸ்தர் அக்காவே தூக்கிவந்தாள். என்னிடம் ஒன்றைக்கூடத் தரவில்லை.

மார்ச் 5, வியாழன்

வீட்டில் மெஷினுக்குத் துணி போர்த்தியிருக்கிறது. அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறாள். தைத்ததையாவது ஸ்டாப்பில் கொண்டுபோய் விற்கலாமே என்றாள். "அந்த ஸ்டாப்புக்கு இனிமே நான் போவ மாட்டேன்" என்று மட்டும் அக்கா சொன்னாள்.

செல்வி அக்காவுக்குப் போன் பண்ணி, காண்ட்ராக்டரிடம் கேட்கச் சொன்னேன். மாலையில் பதில். இடம் நிரம்பிவிட்டதாம், அடுத்த ஆள் எடுப்பு எப்போது என்று தெரியாதாம். "அன்னைக்கே சொன்னம்லா தாயி" என்றாள்.

விற்பவர் நம்பரை மாற்று என்று தி.க்குச் சொன்னேன். நாளை வைவாவை வைத்துக்கொண்டு இப்போது கோடில் கை வைத்தால் எல்லாம் ஊத்திக்கும் என்றான். சரி என்றேன். இதற்கும் சரி என்றேன்.

மார்ச் 6, வெள்ளி

வைவா. எக்ஸ்டர்னல் சார் வெளியூர் காலேஜ், நல்ல மாதிரி. பஸ் ஸ்டாப் டெலிவரியை இரண்டு தடவை கேட்டார். கிராஃபைப் பார்த்து, "டேட்டா ரொம்ப ரியலா இருக்கே" என்றார். தி. நெஞ்சை நிமிர்த்தினான்.

"ஒரு ஆர்டர் போட்டுக் காட்டும்மா."

மெரூன் டாப், எக்ஸ்.எல். "பேரு என்ன சார் போடறது?" "ஏதாவது போடும்மா." சுகந்தி என்று அடித்தேன். ஆர்டர் ஏற்கப்பட்டது என்று பச்சையாக வந்தது. மெசேஜ் போயிருக்கும். வீட்டில், சாமி படத்துக்குப் பக்கத்தில்.

"விக்கிறவங்க யாரு?"

"எங்க அக்கா சார்."

"அப்ப நெஜமான பிசினஸா?"

மேடம் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆமாம் சார் என்றேன்.

வகுப்பிலேயே எங்களுக்குத்தான் மார்க் அதிகமாம். தி. பப்ஸ் வாங்கிக் கொடுத்தான். சாப்பிட்டேன். சாப்பிட முடிந்தது.

மார்ச் 8, ஞாயிறு

மேகமூட்டம், புழுக்கம். மழை இல்லை.

அக்கா கோயிலுக்கு வர மாட்டாள் என்று நினைத்தேன், வந்தாள். முடிந்து வெளியே வரும்போது ஐயர் வாசலில் எல்லார் முன்னாலும், "எஸ்தர், தொழில் எப்படிம்மா?" என்றார்.

"நல்லா போவுது ஐயா."

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஐயர் என் தலையில் கை வைத்துப் படிப்புக்காக ஆசீர்வதித்தார்.

வீட்டில் மெஷின் மேல் போர்த்தியிருந்த துணி மடித்து வைத்திருந்தது. அப்போதுதான் கவனித்தேன். நான் நேற்று ரெக்கார்டு பைண்டிங்குக்குப் போயிருந்தபோது தைத்திருக்கிறாள். அலமாரியைத் திறந்து ஒரு கவரை எடுத்து வந்தாள். சுகந்தி என்று எழுதியிருந்தது. மெரூன், எக்ஸ்.எல்.

"வெள்ளிக்கெழம வந்துச்சு. நீ எல்லாம் பொய்னு சொன்ன. ஆனா அது அன்னிக்கி சொன்னது, இது அப்புறமா வந்தது." என்னைப் பார்க்காமல் கவரின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். "நெஜமா இல்லியான்னு தெரியல. அதான் எதுக்கும் தச்சு வெச்சிட்டேன்."

கவரை என் பக்கம் நீட்டினாள்.

"இது நெஜம்தான பாப்பா?"

"நெஜம்தான்க்கா. குடு, நானே குடுத்துடறேன்."

வாங்கிக் காலேஜ் பைக்குள் வைத்தேன்.